மூன்றரை மணி, வேலந்தாவளம்

மூன்று மணிக்கு லாட்டரி முடிவு.
மூன்றரைக்குப் பங்குச் சந்தை மூடும்.
நடுவில் கிடைக்கும் அரைமணி நேரம்
கமருதீன் மருந்துக்கடையில் நிற்போம்
தும்மலுக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் போல.

தையில் தொடங்கியது.
குறியீட்டெண் தினமும் ஒரு படி இறங்கிய மாதம்.
சொந்தக் காசு போட எவருக்கும் தைரியமில்லை.
காகிதப் பணம்தான், ஆளுக்குப் பத்தாயிரம்,
பில் புத்தகத்தின் கடைசித் தாளில்.
பயோடெக் பங்கு மட்டும். ஆளுக்கு ஒன்று.
நடுவில் மாற்றக் கூடாது.
மார்ச் கடைசி வெள்ளியன்று
குறைவாக இழந்தவர் ஜெயித்தவர்.
ஜெயித்தவரே பிரியாணி வாங்க வேண்டும்.
"காசு மிச்சம் இருக்கிறவன்தானே கொடுக்க முடியும்"
என்றார் கமருதீன்.
நியாயமாகத்தான் பட்டது.

அவர் எழுதியது இன்சுலின் கம்பெனி.
"ஃபிரிட்ஜைத் திறந்தா அவன் முகத்துலதான் முழிக்கிறேன்.
இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?"

கோழிப்பண்ணை நாச்சிமுத்து
குஞ்சுகளின் கண்ணில் விடும் சொட்டுமருந்துக் கம்பெனி.
"மனுசன் மருந்தைத் தள்ளிப்போடுவான்.
குஞ்சுக்கு ஏழாம் நாள்னா ஏழாம் நாள்தானுங்க."

லாட்டரி விற்கும் தேவகி
விலையின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் கேட்டாள்.
"நாப்பத்தேழா? எழுதிக்கோ."
அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று
அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பால் குளிரூட்டு நிலையத்துக்காரன் நான்,
பாலாடைக்கட்டிக்கு நொதி விற்கிறவர்களை எடுத்தேன்.
மூன்று வருடக் கணக்கறிக்கை படித்ததாகச் சொல்லிக்கொண்டேன்.
பெயர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆரோக்கியமேரி, கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரி நர்ஸ்,
யாரும் கேள்விப்படாத ஒரு பெயரை எழுதினாள்.
லாபமே கண்டறியாத கம்பெனி.
ஒரே ஒரு மருந்து, அதுவும் சோதனையில்.
ஏன் என்று கேட்டோம்.
"சும்மா" என்றாள்.

மாசியில் திரை முழுக்கச் சிவப்பு.
"செம்பருத்தி பூத்திருச்சா?" என்று கேட்டபடி வருவாள் தேவகி.
நாச்சிமுத்துவுக்குப் பதினொரு சதவீதம் போனபோது
வரிசையில் நின்று துக்கம் விசாரித்தோம்.
அவரும் துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பினார்.
ஹர்த்தால் அன்று கடைக்கு ஷட்டர்.
செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பேக்கரியில் கூடினோம்.
அங்கிருந்து பார்த்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அந்தப் புதன்கிழமை.
மேரியின் பங்கு இருபது சதவீதம் கீழே
பூட்டிக்கொண்டது, வாங்க ஆளில்லை.
மறுநாள் இன்னொரு இருபது.
செய்தியில் இரண்டு வரி:
தசைச்சிதைவு நோய் மருந்து,
மூன்றாம் கட்டச் சோதனை தோல்வி.

"மேரி, உனக்குப் பிரியாணிச் செலவு தப்பிச்சது"
என்றார் கமருதீன். சிரித்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து
"அதைச் சாப்பிட்டு ஒருத்தராவது எந்திரிச்சு நின்னாங்களான்னு
போட்டிருக்கா?" என்றாள்.

தேடினேன்.
சதவீதம் போட்டிருந்தது.
நிபுணர்கள் விற்கச் சொன்னது போட்டிருந்தது.
அது போடவில்லை.

அவள் தம்பி மகன் ஜெரினை எங்களுக்குத் தெரியும்.
சக்கர நாற்காலியில் வந்து
தேவகியின் சீட்டு எண்களை மனக்கணக்காய்க் கூட்டிச் சொல்வான்.
நோயின் பெயர்தான் தெரியாது.
கேட்கவில்லை என்பது சரி.

மூன்றரை ஆனது. யாரும் விலை எழுதவில்லை.

மார்ச் கடைசி வெள்ளி, ஆறு சதவீதம் இழந்து நான் ஜெயித்தேன்.
காகிதத்தில் ஒன்பதாயிரத்து நானூறு கையிருப்பு.
பிரியாணிக்கு நிஜமான எண்ணூறு.
மேரிக்குத் தவக்கால வெள்ளி, கறி ஆகாது.
அவள் பங்கு ஜெரினுக்குப் போனது.

புதுத் தாள் திருப்பினார் கமருதீன்.
மேரி அதே பெயரை எழுதினாள்.
"அது இனி எங்கீங்க ஏறப்போகுது?" என்றார் நாச்சிமுத்து.
"கம்பெனியை மூடலையே" என்றாள்.

தேவகி மட்டும் அதன் கடைசி இரண்டு எண்ணைக் கேட்டாள்.
பதினெட்டு என்றேன்.
எச்சில் தொட்டுக் கட்டைப் புரட்டினாள்,
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்.
"பதினெட்டு போயிருச்சு.
காலைல யாரோ வாங்கிட்டாங்க."